எட்டு மாட்டு ஏரும் பிரபுவின் மாவாலையும்

புதிய கருவி ஒன்றைப் பற்றிக் கிராமச் சங்கங்களில் எடுத்துச் சொல்லும்போது, அங்கத்தினர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. அதன் விலை என்ன? அதை இழுக்க எத்தனை மாடுகள் வேண்டும்? ஏக்கருக்கு எவ்வளவு கூடுதலாக விளையும்? இம்மூன்றும் கேட்கத் தக்க கேள்விகளே. ஆயினும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அக்கருவி யாருடைய கொட்டகையில் இருக்கும், யாருடைய சொற்படி வெளியே வரும் என்பதே அது. இதனைக் கேட்போர் மிகச் சிலர்.

ஒரு சங்கத்திற்குக் கணக்குப் பார்க்கச் சென்றிருந்தேன். அங்கத்தினர்களுடைய பொதுப்பணத்தில் வாங்கிய இரும்புக் கலப்பை ஒன்று சாமான் புஸ்தகத்தில் பதிவாகியிருந்தது. அதைக் காட்டும்படி கேட்டபோது, நிர்வாகஸ்தர் ஒருவர் வீட்டுத் தொழுவத்திற்கு அழைத்துச் சென்றனர். கலப்பை நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் சிறு குடியானவர் சிலர் என்னைத் தனியே சந்தித்து, மழை பெய்த மூன்று வாரங்கள் கழித்தே தங்களுக்கு முறை வருகின்றதென்றும், ஈரம் காய்ந்த பின் வரும் கலப்பையால் யாது பயன் என்றும் முறையிட்டனர். குற்றம் கலப்பையிலும் இல்லை, மழையிலும் இல்லை. முறையை முன்னதாக எழுதி வைக்காமையே குற்றம்.

இத்தகைய வழக்கு நமது காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன்னர் ஐரோப்பாக் கண்டத்தின் வடபகுதியில் உழவுத் தொழிலில் பெரிய மாறுதல்கள் ஏற்பட்டன. கனமான கலப்பை, மூன்று வயல் முறை, குதிரைக்குரிய கழுத்துத் திண்டு, நீர்ச் சக்கரத்தால் சுழலும் மாவாலை ஆகிய நான்கும் அவற்றுள் முக்கியமானவை. இவை விளைவைப் பெருக்கின. அதனுடன் மனிதர் ஒருவரோடொருவர் வாழும் முறையையும் மாற்றின. சில கருவிகள் ஊராரை ஒன்று சேர்த்தன. ஒன்று பல தலைமுறைப் பகைக்கு வித்தாயிற்று. காரணம் கருவியில் இருந்ததா, கருவியை வைத்திருந்தவரிடம் இருந்ததா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கனக் கலப்பை

பண்டை ரோமாபுரி நாட்டாரும் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த மற்ற நாட்டாரும் உபயோகித்த கலப்பை, நமது நாட்டுக் கலப்பையைப் பெரிதும் ஒத்தது. அது மண்ணைக் கீறிச் செல்லுமே அன்றிப் புரட்டாது. மழை குறைந்து, மண் பொடியாக இருக்கும் அந்நாடுகளுக்கு அது பொருத்தமானதே. அங்கே ஆழ உழுதால் ஈரம் ஆவியாகிவிடும். ஒரு முறை நெடுக்கிலும் மறுமுறை குறுக்கிலும் உழுவது அவர்கள் வழக்கம். ஆதலால் அவர்களுடைய வயல்கள் பெரும்பாலும் சதுரமாக இருந்தன.

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே நிலைமை வேறு. அங்கே மழை மிகுதி. மண் கனத்த களிமண். கீறும் கலப்பை அதில் இறங்காது. இறங்கினும் தேங்கிய நீர் வடியாது. ஆகவே செழிப்பான பள்ளத்தாக்குகள் காடாகக் கிடக்க, ஜனங்கள் மேட்டிலுள்ள இளகிய நிலங்களையே நாடினர். இந்நிலைமையை மாற்றியது கனக் கலப்பை. அது 6ஆம் நூற்றாண்டிற்கும் 11ஆம் நூற்றாண்டிற்கும் இடையே படிப்படியாகப் பரவிற்று.

இக்கலப்பைக்கு முக்கிய உறுப்புக்கள் மூன்று. முன்னால் செங்குத்தாக நிற்கும் இரும்புக் கத்தி மண்ணை நெடுக வெட்டும். அதன் பின் வரும் அகன்ற கொழு, வெட்டிய மண்ணை அடியில் அறுக்கும். பக்கத்தில் சாய்வாகப் பொருத்திய பலகை, அறுபட்ட மண் கட்டியை ஒரு புறமாகப் புரட்டித் தள்ளும். இதனால் களைகள் மண்ணுக்குள் புதைந்து எருவாகும். மண் ஒரே பக்கமாகப் புரளுவதால், நடுவில் மேடும் இரு புறமும் பள்ளமுமாக நிலம் அமையும். பள்ளத்தின் வழியே நீர் வடியும். குறுக்கு உழவும் அவசியமில்லை. இங்கிலாந்தின் மத்திய ஜில்லாக்களில் பிற்காலத்தில் மேய்ச்சலாக விடப்பட்ட நிலங்களில், அக்கால உழவின் மேடு பள்ளங்களை இன்றும் காணலாம்.

இவ்வளவு நன்மை தரும் கலப்பைக்குக் குறை ஒன்று உண்டு. அதன் கனம் அதிகம். ஈரக் களிமண்ணில் அதை இழுப்பது ஒரு ஜோடி எருதுகளால் ஆகாத காரியம். இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் அரசர் 1086ஆம் வருஷத்தில் எடுப்பித்த ‘டூம்ஸ்டே’ என்னும் பெருங்கணக்கில், ஒவ்வோர் ஊரிலும் எத்தனை ஏர்கள் உள்ளன என்பது எழுதப்பட்டுள்ளது. அக்கணக்கில் ஓர் ஏர் என்பது எட்டு எருதுகளைக் குறிக்கும். நடைமுறையில் இடத்திற்கேற்ப ஆறும் நான்கும் பூட்டியதுண்டு. எவ்வாறாயினும் சாதாரணக் குடியானவரிடம் இருந்தவை ஒன்றோ இரண்டோ எருதுகள்தாம்.

எட்டு எருதுகளைப் பூட்டியபின் வேறொரு தொல்லையும் எழுந்தது. அவ்வளவு நீண்ட ஏரைத் திருப்புவது கடினம். எத்தனை முறை திருப்புகின்றோமோ அத்தனை காலம் வீண். ஆதலால் வயல்கள் சதுர வடிவை விட்டு நீண்ட பட்டைகளாயின. எருதுகள் இளைப்பாறாமல் ஒரே மூச்சில் இழுக்கக் கூடிய சாலின் நீளம் 220 கஜம் என்று வழங்கலாயிற்று. ஆங்கிலத்தில் ‘சால் நீளம்’ என்று பொருள்படும் சொல்லே பர்லாங்கு. அந்நீளமும் 22 கஜ அகலமும் கொண்ட பட்டை ஒரு நாள் உழவு எனக் கொள்ளப்பட்டது. 220-ஐ 22-ஆல் பெருக்கினால் வருவது 4,840 சதுர கஜம். நமது பழைய பட்டாக்களில் கண்ட ஏக்கர் இதுவே. நம்மில் பலரும் நாவால் வழங்கும் பர்லாங்கும் ஏக்கரும், இங்கிலாந்தின் எருதுகள் இழுத்த சாலிலிருந்து பிறந்து, அரசாங்க சர்வேயின் மூலமாக நம்மிடம் வந்து சேர்ந்த அளவுகளாம்.

பன்னிரண்டு பங்கு

தனியொருவரிடம் இல்லாத எட்டு எருதுகளை ஓர் ஏரில் பூட்ட வேண்டுமாயின், பலர் கூட வேண்டும். வட இங்கிலாந்தில் நிலத்தை அளந்த முறையே இதற்குச் சாட்சி. ஓர் ஏர் ஒரு வருஷத்தில் உழக்கூடிய நிலம் ஏறத்தாழ 120 ஏக்கர். அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 15 ஏக்கர், ‘ஓர் எருதின் நிலம்’ எனப் பெயர் பெற்றது. எருதைக் கொணர்ந்தவனுக்கு நிலம் என்பது இதன் கருத்து.

கூடி உழுவதற்கு எழுதி வைத்த விதிகளை வேல்ஸ் நாட்டில் காண்கின்றோம். அந்நாட்டுச் சட்டங்கள் 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹவெல் தா என்னும் அரசர் பெயரால் வழங்குகின்றன. இன்று நம்மிடமுள்ள பழைய ஏடுகள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அச்சட்டத்தின்படி, கூட்டு உழவில் சேர்ந்தவர்கள் தத்தமக்குரிய எருது, இரும்பு முதலியவற்றைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பின், உழுபவனும் எருது ஓட்டுபவனும் அவற்றைத் தம்முடைய சொந்தப் பொருளைப் போலவே காத்து உபயோகிக்க வேண்டும்.

பின்னர்ப் பங்கு வருமாறு: உழும் பட்டைகள் பன்னிரண்டில் முதற் பட்டை உழுபவனுக்கு, இரண்டாவது பட்டை, கொழுவும் கத்தியும் கொடுத்தவனுக்கு. எருது ஓட்டுபவனுக்கு ஒரு பட்டை. எட்டு எருதுகளுக்கும் எட்டுப் பட்டைகள். கடைசிப் பட்டை கலப்பையின் மர வேலைக்கு.

இந்தப் பன்னிரண்டையும் சங்க அங்கத்தினர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். உழைப்புக்குப் பங்கு உண்டு. கால்நடைக்குப் பங்கு உண்டு. இரும்புக்கும் பங்கு உண்டு. கருவி தேயும், அதனைப் பழுது பார்க்க வேண்டும் என்பதை உணர்ந்து, கலப்பைக்கே ஒரு பங்கு ஒதுக்கினர். நமது கணக்குகளில் தேய்மான நிதி என்று நாம் எழுதுவது இதுவே அன்றோ? மேலும், யாருக்கு எந்தப் பட்டை முதலில் என்ற முறையும் ஏர் பூட்டுவதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. ஈரம் காயும் முன் யார் உழுவது என்ற சச்சரவுக்கு அங்கே இடமில்லை.

மூன்று வயல் முறை

எரு குறைவாக இருந்த அக்காலத்தில், நிலம் களைத்துவிடாமலிருக்க வேண்டி ஒவ்வொரு வருஷமும் பாதி நிலத்தைத் தரிசாக விடுவது பழைய வழக்கம். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இதற்குப் பதிலாக மூன்று வயல் முறை சில இடங்களில் தோன்றிற்று. ஊர் நிலம் மூன்று பெரும் வயல்களாகப் பிரிக்கப்படும். முதல் வயலில் இலையுதிர் காலத்தில் கோதுமை அல்லது ‘ரை’ என்னும் தானியம் விதைப்பர். இரண்டாவது வயலில் வசந்த காலத்தில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, மொச்சை ஆகியவற்றை விதைப்பர். மூன்றாவது தரிசு. அடுத்த வருஷம் இவை முறை மாறும்.

இதன் ஆதாயத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 60 ஏக்கர் உழவு நிலம் உள்ளதென்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் 30 ஏக்கர் பயிர். 30 ஏக்கர் தரிசு. பயிர் நிலத்தை ஒரு முறையும், தரிசைக் களை அழிக்க இரு முறையும் உழுதால், ஆக 90 ஏக்கர் உழவு. புதிய முறையில் 40 ஏக்கர் பயிர். 20 ஏக்கர் தரிசு. உழவு 40-உம் 40-உம் ஆக 80 ஏக்கர். விளையும் நிலம் மூன்றில் ஒரு பங்கு கூடியது, உழவோ குறைந்தது. இஃதன்றி உழவு வேலை வருஷத்தில் இரு பருவங்களுக்குப் பிரிந்தது. மழையால் ஒரு பயிர் கெட்டாலும் மற்றொன்று கை கொடுக்கும்.

பட்டாணியும் மொச்சையும் ஏழையின் உணவில் புஷ்டி சேர்த்தன, மண்ணையும் வளப்படுத்தின. பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. இதனை ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் 1886 முதல் 1888 வரை வெளியிட்ட ஆராய்ச்சியால் நிரூபித்தனர். இடைக்காலக் குடியானவர் காரணம் அறியார், பலனை அறிந்திருந்தனர்.

ஆனால் இம்முறை தனி மனிதன் விருப்பப்படி நடக்கக் கூடியதன்று. ஒரு குடியானவருக்கு மூன்று வயல்களிலும் பட்டைகள் சிதறிக் கிடக்கும். பட்டைகளுக்கிடையே வேலி இல்லை. ஒருவர் கோதுமை விதைத்த வயலில் மற்றொருவர் மாட்டை மேய விட்டால் என்னாவது? ஆகவே எந்த வயலில் என்ன விதைப்பது, எந்நாளில் வேலி கட்டுவது, அறுவடைக்குப் பின் எந்நாளில் அதைத் திறந்து எல்லோருடைய மாடுகளையும் விடுவது, ஒருவர் எத்தனை மாடுகள் விடலாம் என்பவற்றை ஊர்ச் சபையில் கூடித் தீர்மானித்தனர். மீறினால் அபராதம். கதிர் பொறுக்கும் உரிமை முதியோருக்கும் வலியற்றோருக்கும் உரியதென்றும், உடல் வலியுள்ளவர்கள் கூலிக்கு அறுக்க வேண்டுமேயன்றிக் கதிர் பொறுக்கக் கூடாதென்றும் பல ஊர்களில் விதி செய்தனர்.

இம்முறையின் எச்சம் ஒன்று இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஜில்லாவைச் சேர்ந்த லாக்ஸ்டன் என்னும் கிராமத்தில் இன்றும் உண்டு. அங்கே ஆண்டுதோறும் குடியானவர்களே அடங்கிய ஒரு ஜூரி வயலைச் சுற்றிப் பார்த்து, எல்லை தாண்டி உழுதவர்களைக் குறித்து வந்து, ஊர் நியாயசபையில் அபராதம் விதிக்கச் செய்கின்றது.

கூட்டு வாழ்வு என்றவுடன் அதைப் பொற்காலம் என்று கருதிவிடலாகாது. அக்குடியானவர்களில் பெரும்பாலோர் பிரபுவுக்கு அடிமைப்பட்டவர்கள். வாரத்தில் சில நாட்கள் தம் ஏரையும் எருதுகளையும் கொண்டே பிரபுவின் சொந்த நிலத்தைக் கூலியின்றி உழ வேண்டும். அவருடைய சம்மதமின்றி ஊரை விட்டுப் போகவும் முடியாது. ஊர்ச் சபையும் பிரபுவின் பெயரால் நடந்ததே. எனினும் அன்றாட உழவைப் பற்றிய விதிகளில் குடியானவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஏரும் எருதும் அவர்களுடையவை. அவர்கள் கூடாவிட்டால் பிரபுவின் நிலமும் உழவின்றிக் கிடக்கும்.

குதிரையும் கழுத்துத் திண்டும்

குதிரை எருதை விட விரைவாக நடக்கும். ஆயின் கழுத்தை இறுக்காமல், தோளின் வலிமை முழுவதும் சுமையில் செல்லுமாறு பூட்டினால்தான் அதன் பலன் கிடைக்கும். அதற்கு ஏற்றது உள்ளே மெத்தை வைத்த கழுத்துத் திண்டு. சீன தேசத்தில் முன்பே வழங்கிய இவ்வகைச் சாதனம், 9ஆம் நூற்றாண்டளவில் ஐரோப்பாவில் காணப்படுகின்றது. ஆணி அடித்த இரும்பு லாடமும் ஏறக்குறைய அக்காலத்திலேயே பரவிற்று. 1066ஆம் வருஷத்துப் போரைச் சித்தரிக்கும் பேயூ நகரத்துப் பூவேலைத் துணியின் ஓரத்தில், குதிரை ஒன்று பரம்படிக்கும் காட்சி தைக்கப்பட்டிருக்கின்றது.

புதியது வந்தவுடன் பழையதை எறிந்துவிடவில்லை என்பது இங்கே கவனிக்கத் தக்கது. 13ஆம் நூற்றாண்டில் பண்ணை நிர்வாகத்தைப் பற்றி நூல் எழுதிய ஹென்லி ஊர் வால்டர் என்பவர், எருதே சிக்கனம் என்று கணக்குக் காட்டினார். குதிரைக்கு ஓட்ஸ் தீனி வேண்டும், லாடம் வேண்டும். எருது கிழமானால் கொழுக்க வைத்து விற்கலாம். கிழக் குதிரையால் தோல்தான் மிச்சம். ஆதலால் இங்கிலாந்தில் நெடுங்காலம் உழவுக்கு எருதும், பரம்பு அடிக்கவும் வண்டி இழுக்கவும் குதிரையும் என வேலை பிரிந்தது. குதிரை வண்டி வந்தபின் தூரத்துச் சந்தைக்குத் தானியம் சென்றது. சந்தை கூடிய இடங்கள் பட்டணங்களாக வளர்ந்தன. குடியானவர் கையில் காசு புழங்கலாயிற்று. சில இடங்களில் கட்டாய உழைப்புக்குப் பதிலாகப் பணம் செலுத்தி விடுபடவும் வழி பிறந்தது.

விளைவின் எல்லை

கி.பி. 1000-க்கும் 1300-க்கும் இடையே ஐரோப்பாவின் ஜனத்தொகை ஏறக்குறைய இருமடங்காயிற்று என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பு. காடுகள் வெட்டப்பட்டன, சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன. ஆயினும் விதைத்த ஒரு படிக்கு மூன்று நான்கு படிகள் கிடைத்தலே பல இடங்களில் சாதாரணம். அதில் ஒரு படி மீண்டும் விதைக்குப் போய்விடும்.

உழவு நிலம் பெருகப் பெருக மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று. மேய்ச்சல் குறைந்தால் மாடு குறையும். மாடு குறைந்தால் எருவும் குறையும். 1315 முதல் 1317 வரை இடைவிடாது பெய்த மழையால் பயிர்கள் அழுகி, வட ஐரோப்பா முழுதும் கொடிய பஞ்சம் தோன்றிற்று. 1347 முதல் 1351 வரை கொள்ளைநோய் பரவி, ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கினர்க்குக் குறையாமல் மாண்டனர் என்பர். ஆள் குறைந்ததால் எஞ்சிய உழைப்பாளிகள் கூலி உயர்த்திக் கேட்டனர். உயர்த்தலாகாதென்று இங்கிலாந்தில் 1351ஆம் வருஷத்தில் சட்டம் செய்தனர். அந்தக் கோபமும் புதிய தலைவரியும் சேர்ந்து 1381ஆம் வருஷத்தில் பெருங் கலகமாக வெடித்தன. அக்கலகத்தில் நிகழ்ந்த ஒரு செயல் மாவாலையைப் பற்றியது.

மாவாலை யாருடையது?

இதுவரை கூறிய ஏரும் குதிரையும் பெரும்பாலும் குடியானவர் கையில் இருந்தவை. நீரால் ஓடும் மாவாலையோ அப்படியன்று. ஓடைக்கு அணை, சக்கரம், பற்சக்கரம், பெரிய கற்கள் ஆகியவற்றிற்குப் பெருஞ் செலவு பிடிக்கும். 1086ஆம் வருஷத்துக் கணக்கின்படி இங்கிலாந்தில் ஏறத்தாழ 6,000 மாவாலைகள் இருந்தன. அவற்றில் மிகப் பல பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் உரியவை.

மாவாலையால் விளைந்த நன்மை பெரிது. அதற்கு முன் வீடுதோறும் பெண்கள் திருகையின் முன் அமர்ந்து நாள்தோறும் பல நாழிகை மாவரைத்தனர். அந்த உழைப்பை ஓடும் நீர் ஏற்றுக்கொண்டது. ஆனால் செலவு செய்த பிரபு, தமது ஊரார் தமது ஆலையிலேயே அரைக்க வேண்டும் என்று விதித்தார். அரைகூலியாகத் தானியத்தில் பதினாறில் ஒரு பங்கு முதல் இருபத்து நான்கில் ஒரு பங்கு வரை பல ஊர்களில் எடுத்தனர். வீட்டில் திருகை வைத்து அரைப்பது குற்றமாயிற்று.

காற்றினால் ஓடும் ஆலை புதிதாக வந்த காலத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கைப் பேரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவி ஜாசலின் என்பவர் எழுதி வைத்துள்ளார். 1191ஆம் வருஷத்தில் ஹெர்பர்ட் என்ற பாதிரியார் தமது நிலத்தில் ஒரு காற்றாலை கட்டினார். காற்றின் பயன் எல்லா மனிதருக்கும் பொது என்பதும், தமது தானியத்தை மட்டுமே அரைக்கப் போவதாகவும் அவர் வாதம். மடாதிபதி சாம்சன் இதை ஒப்பவில்லை. ஊரார் அந்த ஆலைக்குப் போய்விட்டால் தமது ஆலையின் வருமானம் குறையும் என்பது அவர் கவலை. அது இடிக்கப்படும் வரை உணவு கொள்வதில்லை என்று அவர் சினந்தார். மடத்து ஆட்கள் வருமுன்னரே ஹெர்பர்ட் தம் ஆட்களைக் கொண்டே ஆலையைப் பிரித்துவிட்டார்.

இதனினும் கொடியது செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்து வழக்கு. அங்கே மடாதிபதியாயிருந்த வாலிங்போர்டு ரிச்சர்ட் சாமானியரல்லர். வான சாஸ்திரத்தில் வல்லவர், அரிய கடிகாரம் ஒன்றை அமைத்தவர். அத்தகைய அறிவாளியே 1331ஆம் வருஷத்தில் வீடுவீடாகச் சோதனை செய்வித்துத் திருகைக் கற்களைப் பறித்து, தமது மடத்துக் கூடத்தில் தளமாகப் பாவிவிட்டார். தம் வீட்டுக் கற்களின்மீது மடத்தார் நடப்பதை ஊரார் ஐம்பது வருஷம் பொறுத்தனர். 1381ஆம் வருஷத்துக் கலகத்தில் அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்மாரும் மடத்துக்குள் புகுந்து, அத்தளத்தைப் பெயர்த்தெடுத்து, கல்லை உடைத்துக் கோயில் பிரசாதம் போலத் துண்டு துண்டாகப் பங்கிட்டு வீட்டிற்கு எடுத்துச் சென்றனர். அவர்களுக்குத் தலைவராயிருந்த வில்லியம் கிரிண்டிகாப் என்பவர் அவ்வருஷமே தூக்கிலிடப்பட்டார்.

உடைந்த திருகைக் கல்லின் துண்டால் மாவரைக்க முடியாது. அதை அவர்கள் பிரசாதமாக ஏந்திச் சென்றதன் பொருள் யாது? தம் தானியத்தைத் தாமே அரைக்கும் உரிமையை மீட்டோம் என்பதே. மாவாலை நல்ல கருவிதான். பெண்களின் முதுகை நிமிர்த்திய கருவி. அதையே ஜனங்கள் வெறுத்தார்கள் என்றால், வெறுப்பு சக்கரத்தின்மேல் அன்று. அதன் வாயிலில் நின்ற காவலின்மேல். பிரான்ஸ் தேசத்தில் இத்தகைய கட்டாய ஆலை உரிமை 1793ஆம் வருஷத்தில்தான் முற்றிலும் நீங்கிற்று.

கருவியும் மனிதரும்

அமெரிக்க சரித்திர ஆசிரியர் லின் ஒயிட் என்பவர் 1962ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலில், கனக் கலப்பையே வட ஐரோப்பியக் கிராமக் கூட்டு வாழ்வைப் படைத்தது என்னும் கருத்தை வற்புறுத்தினார். மறுவருஷமே வேறு ஆசிரியர்கள் இதை மறுத்து, கருவி மட்டும் சமூகத்தைப் படைத்துவிடாது என்று எழுதினர். இரு சாராரிடமும் உண்மை உண்டு. எட்டு எருதுகள் வேண்டிய கலப்பை மனிதரைக் கூடச் சொல்லும். எவ்விதமாகக் கூட வேண்டும் என்று சொல்லாது. அதை மனிதரே தீர்மானிக்க வேண்டும். வேல்ஸ் நாட்டுக் குடியானவர் பன்னிரண்டு பங்கு என்று தீர்மானித்தனர். செயின்ட் ஆல்பன்ஸில் ஒருவரே தீர்மானித்தார்.

மாவாலையின் கதை அங்கே முடியவில்லை. 1795ஆம் வருஷத்தில் மாவின் விலை தாங்காமல், இங்கிலாந்தில் ஹல் என்னும் துறைமுகப் பட்டணத்து ஏழைகள் சிறு சிறு தொகையாகச் சேர்த்துத் தமக்கென ஓர் ஆலை அமைக்க முற்பட்டனர். 1844ஆம் வருஷத்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளிகள் 28 பேர் கூட்டுறவுக் கடை தொடங்கினர். அவர்கள் முதலில் விற்ற சில பண்டங்களுள் மாவும் ஒன்று. 1850ஆம் வருஷத்தில் அந்நகரில் கூட்டுறவு மாவாலையும் ஏற்பட்டது. ஆலை அதே ஆலைதான். சாவி மட்டும் கை மாறிற்று. அவ்வியக்கத்தின் கிளையே நமது நாட்டில் 1904ஆம் வருஷத்துச் சட்டத்தால் கடன் சங்கங்களாகவும், 1912ஆம் வருஷத்துச் சட்டத்தால் மற்றக் காரியங்களுக்கான சங்கங்களாகவும் வேரூன்றியது.

ஆதலின் பொதுவில் ஒரு கருவி வாங்க நினைக்கும் சங்கத்தார், அது வண்டியிலிருந்து இறங்கும் முன்னரே கீழ்க்கண்டவற்றை மகாசபையில் தீர்மானித்து மினிட் புஸ்தகத்தில் எழுதிக் கொள்வது உத்தமம்.

முதலாவது, கருவி எங்கே இருக்கும், யார் பொறுப்பு என்பது. பொறுப்பாளர் அதைத் தம் சொந்தப் பொருளைப் போலக் காக்க வேண்டும். ஆனால் தம் சொந்தப் பொருளாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது, முறை. மழை பெய்தபின் முறை பேசுவது சண்டைக்கு அழைப்பு. சீட்டுப் போட்டேனும் முன்னதாக வரிசை எழுதுக. இவ்வருஷம் கடைசியில் நின்றவர் அடுத்த வருஷம் முதலில் நிற்கட்டும்.

மூன்றாவது, கலப்பையின் பங்கு. வாடகையில் ஒரு பகுதியைப் பழுது பார்ப்பதற்கென ஒதுக்குக. கொழு தேய்ந்த நாளில் கைமாற்றுக் கேட்டு அலையும் சங்கம் நெடுநாள் நிற்காது.

நான்காவது, ஒற்றை மாட்டுக்காரர் நிலை. எட்டு எருதுகளில் ஓர் எருதைக் கொணர்ந்தவருக்கும் ஒரு பட்டை உண்டு என்பதை மறவாதிருக்க.

நான் முன்னர்ச் சொன்ன சங்கத்தில், அடுத்த மகாசபையில் கலப்பைக்கு வரிசை எழுதப்பட்டது. சங்கக் கட்டிடத்தின் தாழ்வாரத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதனை இத்தனை நாள் தம் தொழுவத்தில் வைத்திருந்தவரே முன்வந்து வரிசையில் கடைசிப் பெயராகத் தம் பெயரை எழுதச் சொன்னார். அவரும் தீயவரல்லர், விதி இல்லாத இடத்தில், பொருள் அருகில் உள்ளவர் கைக்கே போய்ச் சேரும். மறு பருவத்தில் நான் சென்றபோது கலப்பை தாழ்வாரத்தில் இல்லை. ஊருக்குக் கிழக்கே ஒரு சிறு குடியானவர் நிலத்தில், ஈரம் இருக்கும்போதே, உழுதுகொண்டிருந்தது.